மாத்திரை கரையும் வரை

மனைவி போன பிறகு வீட்டில் எனக்குப் பேச ஆளில்லை. பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் அந்தக் குறையை வகுப்பில் தீர்த்துக்கொண்டேன். பையன்களுக்குத் தப்பிக்க வழியில்லை. அதை விட்டால், சாயங்காலம் தென்காசியிலிருந்து மேலகரம் வழியாகக் குற்றாலம் வரை என்கூட நடக்கும் பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருவர்தான் துணை.

வயது ஐம்பதுகளின் கடைசியில் இருந்தபோது ஒருநாள் ஏற்றத்தில் நடக்கும்போது நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கியதுபோல் வலித்தது. நின்றதும் விட்டது. டாக்டர் ஒரு குட்டிப் புட்டி கொடுத்தார். வலி வந்தால் உட்கார்ந்து, ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக் கரையவிட வேண்டும். விழுங்கக் கூடாது. அதுவரை பேசவும் கூடாதாம்.

அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. நெஞ்சுவலிக்காரனை எங்கள் ஊரில் நலம் விசாரிப்பார்கள். நடக்கக் கூப்பிட மாட்டார்கள். வலி வந்தால், முகத்தைத் திருப்பி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாரலை ரசிப்பவன்போல் பாலத்துச் சுவரில் உட்கார்ந்துவிடுவேன்.

அப்படி உட்கார்ந்த ஒரு நாள்தான் அவர் கேட்டார்: "மகளுக்கு வீரகேரளம்புதூர்லேருந்து ஒரு எடம் வந்திருக்குவே. பையன் உம்மகிட்ட படிச்சவனாம்லா. எப்படிவே ஆளு?"

வாயில் மாத்திரை. பொறும் என்று கையைக் காட்டினேன். அவர் முகம் சுருங்கியது. கரைந்து முடிந்ததும், "தங்கமான பையன் அண்ணாச்சி" என்றேன். இவ்வளவு நேரம் யோசித்துக் கொடுத்த நற்சான்றை யார் நம்புவார்கள்?

நாலாம் நாள் நடக்கும்போது சொன்னார்: "அந்த எடத்த வேண்டாம்னுட்டேன்வே. மவளுக்குப் பையனப் புடிச்சுப் போச்சு போல, ரெண்டு நாளா சோறு திங்க மாட்டேங்கா. நீரு வாய்விட்டுச் சொல்லாட்டியும் எனக்குப் புரியாதா?"

புட்டியை எடுத்து அவர் கையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"சண்டாளா! இத அன்னைக்கே சொல்லித் தொலைக்கப்பிடாதா?" என்றார். என்னை ஒரு வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வீரகேரளம்புதூருக்கு பஸ் பிடிக்க ஓடினார்.

கல்யாணம் நடந்தது. பந்தலில் என்னை முதல் வரிசை நாற்காலியில் உட்காரவைத்து, "நீரு அசையப்பிடாது" என்று சொல்லிவிட்டார். பந்திக்குக்கூட எழுந்திருக்க விடவில்லை. இலை என்னைத் தேடி வந்தது.

அதன்பின் அண்ணாச்சி, தென்காசிக்கே குடிவந்துவிட்ட மருமகனோடு நடக்கப் போனார். அவன் ஊரில் இல்லாத நாட்களில் தனியாகப் போனார். போகிற வழியில் என் வாசலில் நின்று, "உடம்பு எப்படிவே இருக்கு?" என்று தவறாமல் கேட்பார்.

"நல்லாருக்கு அண்ணாச்சி" என்பேன். செருப்பை மாட்டிக்கொண்டுதான் நிற்பேன்.

"போயி படுத்துக்கிடும்வே" என்று சொல்லிவிட்டு நடப்பார்.