மாமனாரின் புளூஸ் வகுப்பு

என் மாமனாரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே சாதி. புளூஸ் கேட்பவர்கள், கழுதைகள். என்னைப் பார்த்து அந்தக் கற்பூர வாசனைப் பழமொழியை அவர் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

முப்பத்தைந்து வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஏதோ ஓட்டலில் லிப்ட் பழுது பார்க்கப் போன இடத்தில் புளூஸ் என்கிற அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோகப் பாட்டு ஒன்றைக் கேட்டு விழுந்தவர், இன்னும் எழுந்திருக்கவில்லை. துக்கப்பட்டவனுக்குத்தான் புளூஸ் புரியும் என்பார். அவருக்கு என்ன துக்கம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மாதம் பிறந்தால் பென்ஷன், சொந்த வீடு, வாயில் ஒரு பல்கூட ஆடவில்லை. துவைத்த சட்டை காயாவிட்டால் அன்று முழுக்கத் துக்கம்.

கழுதைகளுக்கு நடுவே ஒருத்தியையாவது கரையேற்றுவது என்று முடிவு செய்து, ஆறு வயதான என் மகளைப் பிடித்துக்கொண்டார். ஞாயிறு தோறும் பத்து மணிக்கு அவளைக் கொண்டுபோய்க் கட்டிலில் உட்கார வைப்பது என் வேலை. ஜன்னலோரம் செய்தித்தாளுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்வேன்.

புது லிப்டைச் சோதிக்கும்போது மாடிக்கு மாடி நிறுத்தி, கதவைத் திறந்து மூடிப் பார்ப்பாராம். பாட்டையும் அப்படித்தான் கேட்பார். ஒரு வரி ஓடும். உடனே இசைத்தட்டிலிருந்து முள்ளைத் தூக்கிவிடுவார்.

"கேட்டியாம்மா? அவர் கேள்வி கேக்கறார், கிதார் பதில் சொல்லுது. சரி, அந்தக் குரல்ல என்ன இருக்கு, சொல்லு பாப்போம்."

"சளி" என்றாள் ஒருமுறை. அதற்குக் கால் மணி நேரம் விளக்கம்.

இன்னொரு நாள், "ஏன் தாத்தா அதே வரியைத் திரும்பப் பாடறாரு? முதல் தடவை யாருமே கேக்கலையா?" என்றாள். புத்தியுள்ள எவனும் அந்தக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சியிருப்பான். இவர் புளூஸ் பாட்டின் இலக்கணமே பன்னிரண்டு தாளக் கட்டு என்று நோட்டில் கட்டம் போட ஆரம்பித்தார். எட்டு மாதத்தில் ஒரு பாட்டுகூட முடிந்ததில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

போன சனிக்கிழமை மகள் செருப்பை ஒளித்து வைத்துவிட்டாள்.

"தாத்தா வீட்டுக்கு நான் வரலை. அங்க பாட்டே இல்ல."

என் மனைவி தன் அப்பாவுக்குப் போன் செய்தாள். "நாளைக்கு ஒரு நாள் அனுப்பறேம்பா. அதுக்கப்புறம் அவளுக்கு இஷ்டம் இருந்தாத்தான். நான் கட்டாயப்படுத்த மாட்டேன்."

"சரிம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாராம். என் மாமனார் ஒரே சொல்லில் பேச்சை முடித்ததாக அன்றுதான் கேள்விப்பட்டேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

மறுநாள் அவர் முள்ளை வைத்தார். முதல் வரி முடிந்தது. கை தன்னால் எழுந்தது. நான் செய்தித்தாளை இறக்கினேன்.

"தாத்தா, கையை மடியில வைங்க" என்றாள் மகள்.

வைத்துக்கொண்டார். கிதார் வந்தபோது உதடு துடித்தது. வந்த சொல்லை விழுங்கினார். அடுத்த வரிக்கும் விழுங்கினார். பாதிப் பாட்டில் பார்த்தால் மனிதருக்குக் கண் நிறைந்திருக்கிறது. சிரிக்கலாம் என்று தயாராக இருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் அந்தப் பாட்டைக் கடைசிவரை கேட்டு வெகுநாள் ஆகியிருக்கும்.

பாட்டு முடிந்து இசைத்தட்டு வெறுமனே சுற்றியது.

"இன்னொரு தடவை" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார், ஏதோ நான் அனுமதி தரவேண்டியவன் போல. நான் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டேன். மூன்று தடவை ஓடியது. அவர் வாயே திறக்கவில்லை.

திரும்பும்போது காரில் எனக்குப் பழைய குணம் வந்துவிட்டது.

"உன் தாத்தா இன்னைக்கு வாயை மூடிட்டு இருந்தாரே, மழைதான் கொட்டப்போகுது. அவருக்கு..."

"அப்பா, பேசாதீங்க" என்றாள் பின்சீட்டிலிருந்து. "எனக்குப் பாட்டு இன்னும் முடியல."