புஷ்பவள்ளியின் சிவப்பு அட்டை

புஷ்பவள்ளியின் குரலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். குடியிருக்கும் ஆயர் ஈத்தாம் பிளாட்டின் மாடியில் நின்று அவள் ஒரு சத்தம் கொடுத்தால், கீழே பாக்டரி பஸ் புறப்படாமல் நிற்கும். தையல் பாக்டரியில் அத்தனை மெஷின்களின் இரைச்சலையும் மீறி அந்தக் குரல் கடைசி வரிசைவரை போகும். அதனால்தானோ என்னவோ, சட்டை தைக்க வந்தவளை லைன் லீடராக்கினார்கள்.

லீடரானதும் அவள் கழுத்தில் ஓர் அட்டை ஏறியது. சிவப்புப் பிளாஸ்டிக், கறுப்பு நாடா. கழிவறைக்குப் போகிறவள் அவளிடம் வந்து குனிந்து நிற்க வேண்டும். அவள் அதைக் கழற்றி மாட்டிவிடுவாள். நாற்பது பேருக்கு ஓர் அட்டை. ஒருத்தி போய்த் திரும்பும்வரை மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தைக்க வேண்டியதுதான். என்ன அருமையான ஏற்பாடு! இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் ஒரு நாளாவது தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பாரா என்பது சந்தேகம்.

புஷ்பவள்ளி அதை நியாயமாகத்தான் நடத்தினாள். வேண்டியவள், வேண்டாதவள் என்று பார்க்கமாட்டாள். யார் முகம் சுண்டியிருக்கிறதோ அவளுக்குத்தான் முதலில். இதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்தப் பெருமையைப் பிந்து உடைத்தாள். நேபாளத்திலிருந்து வந்த பெண். காலர் வைப்பதில் கெட்டிக்காரி. அவளுக்கு நீர்க்கடுப்பு வந்து, நிமிர முடியாமல் தைத்துக்கொண்டிருந்தாள். புஷ்பவள்ளி வீட்டில் பார்லி காய்ச்சி பிளாஸ்கில் கொண்டுவந்து கொடுத்தாள். மத்தியானம் பார்த்தால் பிளாஸ்க் அப்படியே இருந்தது.

"ஏம்மா குடிக்கல?"

"குடிச்சா போகணுமே அக்கா," என்றாள் பிந்து, லைனில் பழகிய தமிழில்.

புஷ்பவள்ளிக்குச் சுருக்கென்றது. சுற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஒரு தண்ணீர்ப் போத்தல் இருந்தது, ஒன்றும் குறையாமல். அவளுடையதும் அப்படித்தான் இருந்தது. இத்தனை வருஷமாக இது தன் கண்ணில் படவே இல்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

நேராக மேனேஜர் ஹஸ்ருலிடம் போய், இந்த அட்டையே வேண்டாம் என்றாள். அவர் கெட்டவர் இல்லை. சட்டைகள் கப்பலேற வேண்டிய தேதி கழுத்தை நெரிக்கிறது, அந்தத் தேதியை வைப்பது நானில்லை என்று மலாயில் கையை விரித்தார். அட்டை கழுத்திலேயே இருந்தது.

அடுத்த மாதம், சட்டைகளை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி வேலையிடத்தைப் பார்த்துவர ஆள் அனுப்பியது. கோலாலம்பூரிலிருந்து வந்த உமா என்ற பெண். அன்று காலை ஹஸ்ருல் லீடர்களைக் கூப்பிட்டார். இன்று அட்டை வேண்டாம், ஒளித்து வையுங்கள், எல்லாரும் இஷ்டப்படி போய் வரட்டும் என்றார். கெட்ட பெயர் வந்தால் ஆர்டர் போகும், ஆர்டர் போனால் வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகளை ஊருக்கு அனுப்ப வேண்டிவரும் என்றும் சொன்னார். அது மிரட்டல் இல்லை, உண்மைதான். புஷ்பவள்ளி அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

உமா வரிசை வரிசையாக வந்து விசாரித்தார். எல்லாரும் சிரித்த முகத்தோடு எல்லாம் ஓகே என்றார்கள். அந்த நேரம் பார்த்துப் பிந்து எழுந்தாள். நேராகக் கழிவறைக்குப் போயிருக்கலாம். காலையில் அத்தனை தடவை சொல்லியிருந்தார்கள். ஆனால் கால் பழகிய வழியில் போய்விட்டது. புஷ்பவள்ளிக்கு முன்னால் வந்து தலையைக் குனிந்து நின்றாள்.

"இவங்க என்ன கேக்குறாங்க அக்கா?" என்றார் உமா.

பிந்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. பின்னால் ஹஸ்ருல் மூச்சுவிடவில்லை. பிறந்தநாள், ஆசீர்வாதம் வாங்க வந்திருக்கிறாள் என்று புஷ்பவள்ளி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உமா நம்பியிருப்பார். லீடர் வேலையும் நிலைத்திருக்கும்.

புஷ்பவள்ளி பையிலிருந்து அட்டையை எடுத்துப் பிந்துவின் கழுத்தில் மாட்டினாள். "போய்ட்டு வாம்மா."

பிறகு உமாவைப் பார்த்தாள். "இதத்தான் கேக்குறா. நாப்பது பேருக்கு இது ஒன்னுதான். நீங்க வர்றீங்கன்னு ஒளிச்சு வச்சேன். இதுக்குப் பயந்துதான் இங்க யாரும் தண்ணி குடிக்கிறதில்ல."

உமா எழுத ஆரம்பித்தார்.

"எழுதுங்க. ஆனா ஆர்டர எடுத்துக்கிட்டு ஓடிறாதீங்க. நீங்க நல்ல பேரோட போயிருவீங்க, இந்தப் புள்ளைங்கதான் பெட்டியக் கட்டணும். இந்த அட்டைய எங்க மேனேஜர் மட்டும் மாட்டல. உங்காளுங்க கப்பல் தேதிய இழுத்து இழுத்து முன்னாடி வைக்கிறாங்களே, அதுவும்தான் மாட்டுச்சு. அதையும் எழுதுங்க லா."

அந்தக் குரலுக்குக் கடைசி வரிசைவரை மெஷின்கள் நின்றுவிட்டன. ஆளை அனுப்பியவர்களையே குற்றம் சொன்னால் ஆள் என்ன செய்யும்? உமா அதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தார்.

"அதையும் எழுதுறேன்க்கா," என்றார் கடைசியில். சொன்னபடி எழுதினார்.

ஆர்டர் போகவில்லை. கப்பல் தேதிகளில் கொஞ்சம் இளக்கம் வந்தது, எல்லா லைனிலும் அட்டைகளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கூடவே புஷ்பவள்ளியின் லீடர் வேலையையும் வாங்கிக்கொண்டார்கள். காரணம் கேட்டதற்கு, லைனை மாற்றி அமைக்கிறோம் என்றார்கள். அவள் அழுகிறவள் இல்லை, வீட்டில் கேட்ட கணவரிடம் மட்டும், "வலிக்குதுதான், என்ன செய்யச் சொல்றீங்க?" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள்.

மறுநாள் பிந்துவுக்குப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தாள், பெரிய பிளாஸ்கும் இரண்டு கப்புமாக. மத்தியானத்துக்கு முன்பே இருவரும் பார்லியைக் குடித்துத் தீர்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் புஷ்பவள்ளி எழுந்தாள். நேராகப் புது லீடர் ரமணியிடம் நடந்துபோய், முன்னால் நின்று, சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

ரமணிக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. மாட்டிவிட அட்டை இல்லாமல் வெறுங்கையோடு விழித்தாள்.

பின்னாலிருந்து பிந்துவின் குரல் கடைசி வரிசைவரை கேட்டது. "போய்ட்டு வாங்கக்கா."