லாரி நுழையாத வீதிகள்

சேலம் டவுன் ஸ்டேஷனில் இறங்கியதும் சென்னிமலை நேரே வெளியே போய்விடுவதில்லை. பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் போட்டுக்கொள்கிறார். மனைவி பாப்பாயி பையிலிருந்து ஒரு வட்டக் கண்ணாடியை எடுத்து நீட்டுகிறார். அதை உள்ளங்காலுக்கு எதிரே பிடித்து, குதிகாலில் ஆரம்பித்து விரல் இடுக்கு வரைக்கும் சாவகாசமாகப் பார்க்கிறார். பிறகு செருப்பைக் கவிழ்த்து ஒரு தட்டு, உள்ளே விரலை விட்டு ஒரு தடவு. அடுத்தது இடது கால். எதிர் பெஞ்சில் பொட்டலத்தைப் பிரித்து இட்லி சாப்பிடுகிற குடும்பம் கையை நிறுத்திவிட்டு இவரையே பார்க்கிறது. இவர் அதைச் சட்டை செய்கிற ஆள் இல்லை.

"டயரெல்லாம் சரியா இருக்குது. எடுக்கலாம்" என்று எழுந்திருக்கிறார்.

முப்பது வருஷத்துக்கு மேல் நாமக்கல்லில் லாரி ஓட்டியவர். கிளம்பும் முன் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்த்துப் பழகிய கை. இப்போது தட்டிப் பார்க்க வண்டி இல்லை, இரண்டு கால்தான் இருக்கிறது. அதிலும் வலது கால் போன வருஷம் அவரைக் கைவிட்டது. சர்க்கரை ஏறி உள்ளங்கால் மரத்துக் கிடந்தது அவருக்கே தெரியாது. செருப்பில் ஏறிய ஆணியோடு பகலெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, சோறு போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் ரத்தத் தடத்தைப் பாப்பாயிதான் பார்த்தார்.

புண் ஆற மாதக் கணக்காயிற்று. அதற்குள் ஹெவி லைசென்ஸ் காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்க டாக்டரின் கையெழுத்து வேண்டும், டாக்டர் போட மாட்டேன் என்றுவிட்டார். "புண்ணு நல்லா ஆறட்டும், சர்க்கரை இறங்கட்டும். சர்க்கரைக்காரங்களுக்குன்னே செய்யற இந்த மெத்து ரப்பர் எம்.சி.ஆர். செருப்பைப் போட்டுக்கிட்டு நடங்க. நடக்கறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் காலைப் பாருங்க. அப்புறம் வாங்க" என்று அனுப்பி வைத்தார். லாரி ஓனர் அன்பரசு, வயதில் சின்னவர், நல்ல மாதிரி. "சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்கண்ணா, கொச்சி லைன் முட்டை வண்டி உங்களுக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் சென்னிமலை நடக்க ஆரம்பித்தார்.

நாமக்கல்லிலேயே நடந்திருக்கலாம். மலைக்கோட்டை இருக்கிறது, குளக்கரை இருக்கிறது, நிழலுக்கும் பஞ்சமில்லை. ஆனால் அது லாரி ஊர். டீக்கடைக்காரரிலிருந்து லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைக்காரர் வரை எல்லோருக்கும் இவரைத் தெரியும். பத்தடி போவதற்குள் ஒருத்தர், "ஏனுங்ணா, வண்டிக்குப் போகலீங்களா?" என்று கேட்டுவிடுவார். முதல் வாரம் பதில் சொன்னார். இரண்டாவது வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாவது வாரம் வீட்டைவிட்டே வெளியே வரவில்லை.

யோசனை சொன்னது பாப்பாயிதான். "சேலத்துக்குப் போயி நடக்கலாமுங்க. அங்க நம்மள ஆருக்குத் தெரியும்?"

"சேலத்துல என்ன புள்ள இருக்குது பாக்க?"

"அதத்தான் உங்களக் கேக்கறேன். நீங்கதான ஊரெல்லாம் சுத்துனவரு."

சென்னிமலைக்குக் கவுகாத்தி தெரியும், ஜம்மு தெரியும், நாக்பூரில் எந்தத் தாபாவில் பருப்பு நன்றாக இருக்கும் என்று தெரியும். சேலத்தைச் சுற்றிக்கொண்டு எத்தனை தடவை போயிருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை. எல்லாம் பைபாஸோடு சரி. பகலில் ஊருக்குள் லாரியை விடமாட்டார்கள். இரும்பாலைப் பக்கம் லோடு இறக்கியிருக்கிறார், லீ பஜாரில் மூட்டை ஏற்றியிருக்கிறார். நடு ஊருக்குள் காலை வைத்ததே இல்லை. இருக்கிற ஊர்களில் பாதிக்குமேல் அவருக்கு இந்தக் கதைதான்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் சேலம். நாமக்கல்லில் ரயிலேறி ஜங்ஷனில் இறங்கி, விருத்தாசலம் வண்டிக்கு மாறி டவுன் ஸ்டேஷன். பஸ்ஸில் வந்தால் சுலபம். ஆனால் அவரை பஸ்ஸில் ஏற்ற முடியாது. இன்னொருத்தர் ஓட்டுகிற வண்டியில் அவரால் சும்மா உட்கார முடியாது. டிரைவர் பிரேக் போடுவதற்கு முன்னால் இவர் கால் பலகையை மிதித்துவிடும். ஒருமுறை ராசிபுரம் வளைவில், "ஏனுங்க, எதுக்கால டேங்கர் வருது, ஆக்ஸிலேட்டர அமுக்கறீங்களே" என்று டிரைவரிடம் சொல்லப் போய்ப் பெரிய சண்டையாகிவிட்டது. ரயிலில் அந்தத் தொல்லை கிடையாது. "இதுல எதுக்கால வண்டி வராதுங்க. ஸ்டியரிங்கும் இல்ல. நமக்கு வேலையே இல்ல" என்று சொல்லி, ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிவிடுவார்.

அவர் நடக்கிற அழகைப் பார்க்க வேண்டும். பாப்பாயி எப்போதும் அவருக்கு இடது பக்கம்தான் வர வேண்டும். அது கிளீனர் உட்காரும் இடம். தெரு முனை வந்தால் திரும்பிப் பார்க்காமலே, "லெப்ட் எப்புடி இருக்குது?" என்று கேட்பார். முதலில் பாப்பாயிக்குப் புரியவில்லை. இப்போது அந்தம்மாளே தேர்ந்த கிளீனராகிவிட்டார். "ஒரு ஆட்டோ போவுது, இருங்க… வரலாம்." இவருடைய இடது கை மட்டும் இடுப்புயரத்தில் பாதி மடங்கி, எதையோ பிடித்த மாதிரியே நிற்கும். கியரைப் பிடித்துப் பிடித்து அந்தக் கை அப்படியே நின்றுவிட்டது. அதில் பை கொடுத்தால்கூட வலது கைக்கு மாற்றிக்கொள்வார்.

சின்னக் கடை வீதிக்குள் போனால் பாப்பாயி கடைகளைப் பார்ப்பார். இவர் தலைக்கு மேலே தொங்கும் ஒயரையும் திருப்பத்தின் அகலத்தையும் பார்ப்பார். "பத்துச் சக்கர டாரஸ் லாரி இங்க ஒடியாது, திரும்பாது. ஆறு சக்கரம்னா ரிவர்ஸ் போட்டு ஒடிக்கலாம்." பெருமாள் கோயிலில் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் தேரைச் சுற்றி வந்து சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார். பெருக்கிக்கொண்டிருந்தவரிடம், "இதுக்கு பிரேக்கு ஆருங்க?" என்று விசாரித்தார். சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுக்க ஆள் உண்டு, நிறுத்துவதும் அவர்தான், திருப்புவதும் அவர்தான் என்று அந்த ஆள் சொன்னார். "அப்ப அவருதான் டிரைவரு. சாமி பாசஞ்சரு" என்றார் சென்னிமலை. பாப்பாயி அவரைக் கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னார். போட்டுக்கொண்டார்.

திருமணிமுத்தாற்றுப் பாலம் பாப்பாயிக்குப் பிடிக்காது. பிறந்த ஊர் ஜேடர்பாளையம். காவிரித் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவர். மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுக்கும் ஆறுன்னுதான் பேரு" என்று வேகமாகக் கடந்துவிடுவார். அவருக்குப் பிடித்தது தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் சட்னியும் வைத்துக் கொடுப்பார்கள். சர்க்கரைக்காரர் என்பதால் மேல் தட்டு மட்டும் சென்னிமலைக்கு, கீழ் தட்டு பாப்பாயிக்கு. சட்னியெல்லாம் கீழ் தட்டில்தான் நிற்கிறது என்பது சென்னிமலையின் நெடுநாள் புகார். மாம்பழக் காலத்தில் இன்னும் மோசம். பாப்பாயி ஒரு குண்டு மாம்பழத்தை வாங்கி அவரிடம் கொடுத்து முகரச் சொல்லிவிட்டுத் திரும்ப வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்வார்.

இப்படி ஒரு காலம் வரும் என்று பாப்பாயி நினைத்ததே இல்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து புருஷன் மாதத்தில் நாலைந்து நாள் வீட்டில் இருப்பார், அதிலும் பாதி தூக்கம். கோழிப் பண்ணையில் முட்டை பொறுக்கி, பெண்ணை வளர்த்து, கட்டிக் கொடுத்து, எல்லாம் அந்தம்மாள் தனியாகத்தான் செய்தார். செல்போன் வந்தபின் கூப்பிட்டுப் பார்ப்பார். பெண்ணுக்குக் காய்ச்சலாக இருக்கும், கரண்ட்காரன் வந்து நிற்பான், ஒன்றுமில்லாமல் சும்மா பேசத் தோன்றியும் இருக்கும். எதுவானாலும் எதிர்முனையில் ஒரே பதில்தான்: "ரோட்டுல இருக்கேன். அப்பறம் பேசறேன்." உடனே கட்டாகிவிடும். அந்த அப்புறம் சில சமயம் மறுநாள் வரும், சில சமயம் வராது. குறை சொல்லவும் முடியாது. ஓட்டும்போது பேசினால் உயிர் போகிற தொழில். பாப்பாயிக்கு அது தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் அந்த அப்புறத்துக்காகப் போனைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு படுப்பார்.

இப்போது வாரத்துக்கு ஒரு நாள் முழுசாக அவர் பக்கத்தில் நடக்கிறார். இது எத்தனை நாளைக்கு என்பதும் அந்தம்மாளுக்குத் தெரியும். கால் நன்றாக ஆக ஆக வண்டி கிட்டே வருகிறது. மாத்திரையை எடுத்துக் கொடுப்பவரும் பாப்பாயிதான், சோற்றைக் குறைத்துக் கேழ்வரகுக் களி கிண்டுபவரும் பாப்பாயிதான். ஒரு நாள்கூட அதில் ஏமாற்றியதில்லை. கோட்டை மாரியம்மன் கோயில் வாசலில் வெள்ளித் தகட்டில் கால் உரு வாங்கி உண்டியலில் போட்டபோது, "என்ன புள்ள வேண்டுன?" என்று சென்னிமலை கேட்டார்.

"உங்க காலு நல்லாகோணும்னு வேண்டுனேன். மிச்சத்த அவளே பாத்துக்குவா."

மிச்சம் என்ன என்று சென்னிமலை கேட்கவில்லை. கேட்காமல் விட்டதில் பாப்பாயிக்குக் கொஞ்சம் கோபம், கொஞ்சம் நிம்மதி.

அம்மன் முதல் பாதியைச் சுணக்கமில்லாமல் முடித்துக் கொடுத்தாள். சர்க்கரை இறங்கியது. டாக்டர் காலில் மெல்லிய நைலான் இழையால் குத்திக் குத்திப் பார்த்து, "உணர்ச்சி திரும்புது, பரவாயில்லையே" என்றார். கண்ணையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். புது லைசென்ஸ் போன வாரம் தபாலில் வந்து சேர்ந்தது. சென்னிமலை அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாமக்கல் முழுக்க நடந்தார். ஒருத்தர் விடாமல் அவரே கூப்பிட்டுக் காட்டினார். பாப்பாயி அன்றைக்கு அவருடைய காக்கிச் சட்டைகளை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இனிமேல் சேலம் எதற்கு என்று பாப்பாயி சும்மாதான் இருந்தார். சென்னிமலை குளித்துவிட்டு வந்து, "என்ன புள்ள, இன்னும் கெளம்பலியா? வண்டிக்கு நேரமாச்சு" என்றார்.

வழக்கம்போல பெஞ்சு, கண்ணாடி, டயர். வழக்கம்போல அவர் வலது பக்கம், பாப்பாயி இடது பக்கம். பூ மார்க்கெட்டுக்கு எதிரே சாலையைக் கடக்க நின்றபோது சென்னிமலையின் போன் அடித்தது. என்ஜின் சத்தத்தில் காது மந்தமாகிப்போனதால் எந்தப் போன் வந்தாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். ஊருக்கே கேட்கும்.

"அண்ணா, அன்பரசு பேசறேன். செவ்வாக்கெழம கொச்சிக்கு முட்டை ஏத்தறோம். வண்டி ரெடி. நீங்க வந்துருவீங்கல்ல?"

பாப்பாயி சட்டென்று பூக்காரம்மாள் பக்கம் திரும்பி, மல்லிகை முழம் என்ன விலை என்று கேட்டார். அவர் சொன்ன விலை காதில் ஏறவில்லை. மறுபடியும் கேட்டார்.

சென்னிமலை போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்தார். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்து ஒரு டவுன் பஸ், பின்னாலேயே ஸ்கூட்டர்கள். பூக்கூடைப் பக்கம் திரும்பி முதுகு காட்டி நிற்கிற பாப்பாயியைப் பார்த்தார்.

"அண்ணா, கேக்குதுங்களா?"

"கேக்குதுங்க மொதலாளி. ரோட்டுல இருக்கேன். அப்பறம் பேசறேன்."

கட் பண்ணிப் பைக்குள் போட்டுக்கொண்டார். பாப்பாயி மெல்லத் திரும்பினார். சென்னிமலை அவர் முகத்தைப் பார்க்கவில்லை, டவுன் பஸ்ஸின் மேலேயே கண் வைத்திருந்தார்.

"லெப்ட் எப்புடி இருக்குது?"

பாப்பாயி சாலையின் இடது பக்கம் எட்டிப் பார்த்தார். "ஒண்ணுமில்லீங்க. வரலாம்."

கேபின் ஜன்னலுக்கு வெளியே நீட்டுவது போல வலது கையை நீட்டி, உள்ளங்கையைத் தாழ்த்தி ஆட்டினார் சென்னிமலை. டவுன் பஸ் உறுமிக்கொண்டே நின்றது. பாதி மடங்கியே நிற்கும் அந்த இடது கை பக்கவாட்டில் தடவிப் போய்ப் பாப்பாயியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் சாலையில் இறங்கினார்கள்.