மகிழுந்து ஓட்டக் கற்றுத்தந்தவர் கேட்ட சிற்றுந்து

எர்ணாவூர்க் குடியிருப்பு மக்களே! திருவொற்றியூர்த் தோழர்களே! துறைமுகத்திலும் பட்டறையிலும் மருத்துவமனையிலும் உழைத்துவிட்டு, வீடு திரும்ப வழி தேடி நிற்கும் என் உறவுகளே! ஒரு நகரத்தின் நிலையை அறிய வேண்டுமானால், அங்கே ஒருவர் இறந்தார் என்றதும் மக்கள் முதலில் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். சென்ற வாரம் ஒரு காலையில், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்திவந்த தணிகாசலம் மறைந்தார் என்று எனக்குத் தொலைபேசியில் செய்தி வந்தது. தெருவில் இறங்கிக் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "எந்த லாரி?"

லாரி இல்லை; நெஞ்சுவலி. தம் வீட்டில், தம் கட்டிலில், மனைவி குணசுந்தரி அருகிலிருக்கப் போனார். அதைச் சொன்னதும் கேட்டவர்கள் முகத்தில் ஓர் ஆறுதல் படர்ந்ததைக் கண்டேன். ஒரு நல்ல மனிதர் நோயால் இறந்தார் என்பதில் ஆறுதல் கொள்ள வேண்டிய நிலைக்கு நம்மைத் தள்ளியது யார்? துறைமுகத்துக்கு விரையும் பெட்டகச் சுமையுந்துகளுக்குச் சாலை உண்டு. மகிழுந்துக்குச் சாலை உண்டு. நடப்பவருக்கும் மிதிவண்டியில் செல்பவருக்கும் ஒரு முழ அகலம் இல்லை. விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்துவிட்டது. அங்கிருந்து வீட்டுக்கு வரும் வழிதான் இன்னும் வரவில்லை!

இந்தக் கொடுமையை எதிர்த்து நின்றவர், மகிழுந்து ஓட்டக் கற்றுத்தருவதையே பிழைப்பாகக் கொண்டவர். கள்ளுக்கடைக்காரர் மதுவிலக்கு மாநாடு நடத்தினால் எப்படியிருக்கும்? அப்படியொரு புதிராகவே அவர் எனக்கு நெடுநாள் இருந்தார்.

முதன்முதலில் அவரைக் கண்டது தண்டையார்பேட்டைத் தெருமுனைக் கூட்டம் ஒன்றில். பேருந்துகளைக் குறைத்ததைக் கண்டித்து முழங்கிவிட்டு மேடையிலிருந்து இறங்கினேன். பருத்த உடல் கொண்ட ஒருவர், விரலில் சாவிக்கொத்தைச் சுழற்றியபடி வழிமறித்தார்.

"அண்ணே, சோக்கா பேசுனீங்க. ஒரு டவுட்டு. காருக்கு மகிழுந்துன்னு பேரு வச்சாரே, அவரு ஒரு நாளாவது மூலக்கொத்தளம் சிக்னல்ல நின்னுகீறாரா?"

சிரித்துவிட்டேன். தம் தொழில் இன்னதென்று பிறகுதான் சொன்னார். பேருந்து கேட்கும் கூட்டத்தில் உங்களுக்கு என்ன வேலை என்றேன்.

"எல்லாம் பேராசதான்ணே. நான் கத்துக்குடுத்தவன் பூரா வண்டிய எடுத்துகினு ரோட்டுல நிக்கிறான். என் வண்டி போவ எடம் இல்ல. பாதிப் பேர பஸ்ஸுல ஏத்திவுட்டா நான் ஜாலியா ஓட்டுவேன்ல?"

அது முழு விடையன்று என்று உள்ளம் சொன்னது. அவர் எப்படித்தான் கற்றுத்தருகிறார் என்று பார்க்கும் ஆவலில் ஒரு நாள் பள்ளிக்குச் சென்றேன். முதல் நாள் பாடத்தில் வண்டியே இல்லை! சேர வந்தவரை எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்துக்கு நடத்திச் சென்று, எதிர்ப்பக்கத்தைக் காட்டி, "தாண்டு நைனா" என்றார். அன்று சிக்கியவர் ஒரு மருந்துக்கடைக்காரர்.

"சார், நான் ஓட்டக் கத்துக்க வந்துகீறேன். நடக்கத் தெரியும் எனக்கு."

"தெரியுமா? அப்ப தாண்டு."

அவர் ஒரு காலை முன்வைத்தார். சுமையுந்தின் ஒலிப்பான் அலறியது. காலைப் பின்னிழுத்தார். மீண்டும் வைத்தார்; மீண்டும் இழுத்தார். சட்டையெல்லாம் புழுதி படிந்த பிறகு சினத்தோடு திரும்பினார்: "இத்தத் தாண்ட முடியலன்னுதான் சார் காரே வாங்குறேன்! தோ, அந்தப் பக்கம் கீது என் கடை!"

தணிகாசலத்தின் கண்கள் விரிந்தன. "கேட்டுக்கினீங்களா அண்ணே? எதிர்த்தாப்புல கீற கடைக்குப் போவ கார் வாங்குறாரு."

சேர வரும் ஒவ்வொருவரிடமும் "எதுக்கு கார்?" என்று கேட்பார். கிண்டலுக்காக அன்று, உண்மையிலேயே அறிந்துகொள்ளும் வேட்கையில் கேட்பார். ஆசைக்கு என்று சொன்னவர் சிலரே. பேருந்தின் படி அம்மாவின் முழங்காலுக்கு எட்டவில்லை என்பார் ஒருவர். மாலை வகுப்பு முடிந்து மகள் நிற்கும் இடத்தில் விளக்கில்லை என்பார் மற்றொருவர். "ஆசைல வர்றவனுக்கு ஸ்டேரிங் சீக்கிரம் புடிபட்டுடும்ணே. வேற வழி இல்லாம வர்றவனுக்குத்தான் கை நடுங்கும்" என்பது அவர் சொல். அந்த நடுங்கும் கைகளைப் பார்த்துப் பார்த்தே அவர் போராட வந்தார். என் புதிரின் முடிச்சு அங்கே அவிழ்ந்தது.

சொல்லிக் கொண்டிருப்பது போதாது என்று ஒரு காலையில் செயலிலும் இறங்கினார். எட்டுப் போடும் திடலில் நட்டு வைக்கும் செம்மஞ்சள் கூம்புகளையெல்லாம் அள்ளி வந்து, நெடுஞ்சாலை ஓரத்தில் வரிசையாக நிறுத்தி, மிதிவண்டிக்கென ஒரு பாதை வகுத்துவிட்டார். பள்ளிக்குச் செல்லும் பெண்பிள்ளைகள் முதலில் தயங்கினார்கள். பிறகு மணியடித்துச் சிரித்துக்கொண்டே அந்தப் பாதையில் போனார்கள். மீன்கூடையைப் பின்னால் கட்டிய மிதிவண்டிகள் தொடர்ந்தன. நண்பகலுக்குள் ஒரு சுமையுந்து கூம்புகளைத் தரையோடு தேய்த்துவிட்டது. காவலர் வந்து, யாரைக் கேட்டு வைத்தாய் என்று உறுமினார்.

"எட்டுப் போட உத்தரவு வாங்கிகீறேன் சார். உசுரோட வூடு போவறதுக்கும் தனியா வாங்கணுமா?"

காவலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்டம் மட்டும் குறையவில்லை. நசுங்கிய கூம்புகளைக் கண்ட குணசுந்தரி அம்மையார், "போற போக்கப் பாத்தா நீயே நம்ம கடைக்குப் பூட்டு போட்டுடுவ போலகீதே" என்றார். இவர் அசையவில்லை. "போட்டுட்டு பஸ்ல ஏறி பீச்சுக்குப் போலாம் வா."

அந்தச் சூழலில்தான் ரேவதி அங்கே வந்தார். எர்ணாவூர் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் வாழும் செவிலியர். இராயபுரத்து மருத்துவமனை ஒன்றில் பணி. மெட்ரோவில் விம்கோ நகர் வரை வந்துவிடுவார். அங்கிருந்து வீடு வரை சுமையுந்துகளுக்கு நடுவே நடை. மாலைப் பணி முடிந்து வரும் வேளையில் பகிர்வுத் தானி என்னும் ஷேர் ஆட்டோக்களும் இருக்கமாட்டா. வேலையை விடு, இல்லையேல் வண்டி வாங்கு என்று வீட்டில் முடிவு சொல்லிவிட்டார்கள். கடனுக்குப் பழைய மகிழுந்து ஒன்றைப் பேசி வைத்துவிட்டு, ஓட்டக் கற்க வந்திருந்தார். தணிகாசலம் சேர்க்க மறுத்தார்.

"பீஸ் கட்டுறேன்றேன், வேணான்றீங்க. இன்னா சார் கடை நடத்துறீங்க?"

"ரெண்டு மாசம் பொறும்மா. பஸ் வாங்கித் தரேன்."

"பஸ்ஸு இன்னா பன்னு ரொட்டியா, வாங்கித் தர?"

அந்தப் பெண்ணின் வேலை நிலைக்குமா போகுமா என்பது அன்று முதல் அவர் தலைமேல் ஏறிக்கொண்டது. போக்குவரத்துக் கழக அலுவலகப் படிகளில் ஏறி இறங்கினார். மறுத்த அலுவலரை விடாமல், ரேவதி பணி முடித்துத் திரும்பும் ஓர் இரவில் இங்கே வரவழைத்தார். அவர் வந்த வண்டியை மெட்ரோ நிலையத்திலேயே நிறுத்தச் சொல்லி, ரேவதியோடு நடக்க வைத்தார். நானும் உடன் நடந்தேன். சேற்றில் புதைந்த காலணியைப் பிடுங்கியபடி அலுவலர் கேட்டார்: "தினமும் இப்படியா வர்றீங்க?"

"இல்ல சார்," என்றார் ரேவதி. "மழ பேஞ்சா வேற மாதிரி."

சில வாரங்களில் சிற்றுந்து வந்தது! குடியிருப்பிலிருந்து மெட்ரோ நிலையம் வழியாகப் பேருந்துப் பணிமனை வரை, வெள்ளோட்டமாக. ரேவதி கடன் பேச்சை நிறுத்தினார். நாங்கள் மாலை போட்டு வரவேற்றோம். ஆனால், தோழர்களே, அதை இயக்கிய நேரம் என்ன? காலை பத்து மணி முதல் மாலை ஆறு மணி வரை! விடியலில் ஆலைக்குப் போவோருக்கும் இல்லை. இரவுப் பசியோடு திரும்புவோருக்கும் இல்லை. வண்டி வெறுமையாக ஓடியது. ரேவதி அதில் போக மட்டும் ஏறினார். திரும்புகையில் முன்போலவே நடந்தார். வீட்டில் பழைய பேச்சு மீண்டும் தலைதூக்கியது.

தணிகாசலம் சோர்ந்தாரா? இல்லை. வெறும் வண்டியில் நாள்தோறும் ஏறி, நடத்துநரின் பக்கத்தில் உட்கார்ந்து, யார் எங்கே நின்று ஏமாந்து திரும்புகிறார்கள் என்று துப்பறிவாளரைப் போலக் கேட்டுக்கொண்டு வந்தார். "வண்டி தப்பு இல்லண்ணே, டைம்தான் தப்பு. மாத்திட்டா ஜனம் தொங்கிகினு வரும்" என்று என்னிடம் சொன்னார். அதை எடுத்துரைக்க அலுவலகத்தில் மறுமுறை நேரம் கேட்டிருந்தார். அதற்குள் போய்விட்டார்.

இறுதிச் சடங்குக்கு அவரிடம் ஓட்டக் கற்றவர்கள் திரண்டு வந்தார்கள். சாவு வீட்டு வாசலில் நின்ற நடத்துநர்தான் அந்தச் செய்தியைச் சொன்னார்: ஏற ஆளில்லை என்று காரணம் காட்டி, இம்மாத முடிவோடு சிற்றுந்தை நிறுத்தப் போகிறார்களாம். ரேவதி சற்றுத் தள்ளி நின்றார். "இனிமே யாருகிட்டங்க போய் கேக்கறது?" என்றார். இந்த அஞ்சலியை எழுதுவதே அந்தக் கேள்விக்கு விடையாகத்தான்.

தணிகாசலத்திடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்று உண்டு: எதிரே நிற்பவரைக் கடியும் முன், எது அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது என்று அறியத் துடிக்கும் அந்த ஆவல். மகிழுந்து வைத்திருப்பவரை இனி எந்த மேடையிலும் பகைவர் என்று சொல்ல என் நா எழாது. அவருக்கு வேறு வழி விடாத ஆட்சிமுறையை நோக்கியே என் சொல் பாயும்.

ஆகவே, ஆள்வோரே, ஏற ஆளில்லை என்று இனியும் சொல்லாதீர்கள். ஆள் ஏறும் நேரத்துக்கு வண்டியை விடுங்கள்! நெடுஞ்சாலையில் கல்வரம்பு கட்டி மிதிவண்டிக்கும் நடைக்கும் தனிப்பாதை பிரியுங்கள்! மக்களே, வரும் திங்கட்கிழமை காலை, மகிழுந்து வைத்திருப்போர் அதை வாசலிலேயே விட்டுவிட்டுக் குடியிருப்பு முகப்புக்கு வாருங்கள். இல்லாதோரும் வாருங்கள். பணிமனை செல்லும் அந்தச் சிற்றுந்தில் இருக்கையிலும் படியிலும் இடமில்லாதபடி ஏறுங்கள். இடம் கிடைக்காதவர்கள் மிதிவண்டியில் பின்தொடருங்கள். ரேவதியின் பணி முடியும் வேளைக்கு வண்டி விடும் ஆணை கையில் வந்து சேரும்வரை, ஒருவரும் இறங்காதீர்கள்!