மேலே தூக்கிய சைலன்சர்

எங்கள் காணிக்கும் லொறி வந்து பால் எடுக்கிற இடத்துக்கும் நடுவில், குளத்தின் மிச்சத் தண்ணீர் வழிகிற வான் இருந்தது. மாரியில் குளம் நிரம்பினால் வான் பாயும். தண்ணீர் ரோட்டுக்கு மேலால் ஓடும். முழங்காலுக்குக் கீழேதான். நடந்தால் கடக்கலாம். மோட்டார் சைக்கிள்தான் கடக்காது. தாழக் கிடக்கிற சைலன்சருக்குள் தண்ணீர் ஏறும். எஞ்சின் இருமிவிட்டு நிற்கும்.

ஒரு மாரி முழுக்க அப்படி நின்றது. தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தால் பால் லொறி போயிருக்கும். திரும்பக் கொண்டுவந்த பாலைத் தயிராக்கினோம், அயலுக்குக் கொடுத்தோம். மிச்சத்தை நாய் குடித்தது.

அடுத்த மாரி வரமுதல் மனைவியிடம் சொன்னேன்.

"மாடுகளை வித்துப்போடுவம்."

சண்டை முடிந்து ஊருக்கு மீளக்குடியேறி வந்தபோது கிடைத்தது ஒரு மாடும் கன்றும். மற்றதெல்லாம் அவள் பெருக்கியவை. அன்றும் அடுத்த நாளும் என்னோடு கதை இல்லை. சோறு மட்டும் வந்தது.

நான் முற்றத்தில் இருந்து மோட்டார் சைக்கிளைப் பார்த்தேன். பக்கத்தில் அவளுடைய தம்பியின் ட்ரக்டர் நின்றது. வெல்டிங் பிடித்துக் கேற் ஒட்டுகிற வேலையும் செய்கிறவன் அவன். ட்ரக்டரின் புகைக்குழாய் நேரே மேலே நின்றது. அது எந்த வானையும் கடக்கும்.

"மச்சான், இதையும் அப்பிடி மேல தூக்கேலாதோ?"

"தூக்கலாம் அத்தான். பிறகு இது மோட்டச்சைக்கிளோ ட்ரக்டரோ எண்டு பொலிஸ் கேக்கும்."

"அந்த மழைக்குள்ள எந்தப் பொலிஸ் வரும்?"

பழைய குழாய்க்கிணற்று இரும்புக் குழாய் ஒன்று வேலியோரம் கிடந்தது. வெறுங்குழாயை வளைத்தால் நசுங்கும். மண் நிரப்பி, இரண்டு வாயையும் அடைத்து, சிரட்டைக்கரியில் பழுக்க வைத்து வளைக்க வேண்டும். மண் ஈரமென்றால் ஆவி கட்டி வெடிக்கும் என்றான். நான் குசினிக்குள் போய்த் தாச்சியை எடுத்து வந்து மண்ணை வறுத்தேன்.

மனைவி வந்து பார்த்தாள்.

"மாட்டை வித்திட்டு இனி மண்ணை வறுத்தோ தின்னுறது?"

"உப்புக் காணுமோ எண்டு பாரக்கா" என்றான் தம்பி.

"உனக்குத்தான் முதல் அகப்பை."

திட்டினாள். ஆனால் போகவில்லை. கரிக்கு விசிறிக்கொண்டு நின்றாள்.

சைலன்சரின் வாலை அறுத்து, உள்ளே சத்தத்தை அடக்குகிற ஓட்டைக் குழாயையும் கழற்றி, வளைத்த குழாயை அந்த வாயில் ஒட்டினோம். சீற்றுக்குப் பக்கத்தால் மேலே ஏறிப் பின்னால் திரும்பியது. ஸ்ரார்ட் பண்ணினேன். சத்தத்தில் கோழிகள் கூரையில் ஏறின. கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதைப் பிடித்து வர அவளுக்கு மத்தியானம் ஆனது.

வான் பாய்ந்தது. பக்கத்துக்கு ஒரு கானாகப் பால் நிரப்பிக் கட்டிக்கொண்டு போனேன். தண்ணீருக்குள் எஞ்சின் நிற்கவில்லை. லொறிக்கு முன்னமே போய்விட்டேன். பால் பார்க்கிற பெடியன் வலப்பக்கக் கானைத் தொட்டுவிட்டுக் கையை உதறினான்.

"அண்ணை, பாலைக் காய்ச்சிக்கொண்டே வாறியள்?"

குழாய் போனது வலப்பக்கத்தால். மூன்று பேர் நின்று செய்த வேலை. கான் எங்கே தொங்கும் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

"தேயிலையும் சீனியும் போட்டிருந்தா லொறிக்காரருக்கு ஒரு தேத்தண்ணி" என்றான் பெடியன். இடப்பக்கக் கானை எடுத்தான். மற்றதைத் திருப்பித் தந்தான்.

வீட்டில் வந்து சொன்னேன். அவள் கானைத் திறந்து மணந்து பார்த்தாள். அடிப்பிடித்த மணம். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலவில்லை. இனி விற்கத்தான் வேண்டும் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் வெள்ளென, நான் கான் கட்டும்போது அவள் குடையோடு வந்து நின்றாள்.

"வலக் கானை இஞ்ச தாங்கோ. மடியில வைச்சிருக்கிறன்."

"தண்ணிக்குள்ள விழுந்தா?"

"நீங்கள் விழுத்தாமல் ஓடுங்கோ."

இடப்பக்கம் காலைப் போட்டு ஏறி இருந்தாள். இடக் கானும் அந்தப் பக்கம்தான். நான் வலப்பக்கம் சரிந்துகொண்டு ஓடினேன். தண்ணீர் வருகிற பக்கம் அவள் முகம். வானுக்குள் இறங்கியதும் என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

"கட்டை வருது! அமத்துங்கோ!"

அமத்தினேன், மோட்டார் சைக்கிள் முன்னால் பாய்ந்தது. மரக்கட்டை பின்சில்லுக்குப் பின்னால் போனது. பால் எடுக்கிற இடத்தில் அன்று இரண்டு கானையும் எடுத்தார்கள்.

அந்த மாரி முழுக்க அப்படிப் போனோம். வீட்டில் அதிகம் கதைக்காதவள், சீற்றில் இருந்தால் போக வரக் கதைப்பாள். குழாய்ச் சத்தத்தில் எனக்குப் பாதி கேட்காது. எல்லாவற்றுக்கும் ஓம் என்பேன்.

தை பிறந்து வான் நின்ற பிறகு, ஒருநாள் வயலால் வந்தேன். மாட்டுப் பட்டியில் புதுசாக, இன்னும் கன்று போடாத ஒரு சிவப்பு நாகு கட்டியிருந்தது.

"இது ஆற்ற?"

"எங்கட. பால் வித்த காசு. நீங்கள்தானே ஓம் எண்டனீங்கள்."

"எப்ப?"

"வானுக்குள்ள."

வைக்கோல் எடுத்துப் போட்டேன். நாகு என் கையை நக்கியது.

இப்போது வானுக்கு மேலால் பாலம் போட்டிருக்கிறார்கள். பால் வண்டி வீட்டுப் படலைக்கே வருகிறது. அவளுடைய மாடுகளுக்குப் பட்டி போதாமல் இரண்டு தரம் வேலியைத் தள்ளிக் கட்டினோம். பழைய மோட்டார் சைக்கிள் போய்விட்டது. புதியதில் கம்பனிச் சைலன்சர். சத்தமே இல்லை. பின்னால் இருந்து மெல்லக் கதைத்தாலும் விளங்கும். ஆனால் அவளுக்கு இப்போது என்னோடு ஏறிப் போக வேலை இல்லை. பாலத்தில் நான் தனியத்தான் போகிறேன்.