எந்த பேட்ச்?

அடையாறில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கல்லூரி மைதானம். நான் அங்கே படித்ததில்லை. பன்னிரண்டாவது முடித்ததுமே எனக்குக் கல்யாணம். ஆனாலும் அந்தக் கல்லூரிப் பெண்கள் வாலிபால் ஆடினால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவேன்.

போன மாதம் கோட்டில் விழுந்த பந்தை நடுவர் ‘அவுட்’ என்றதும், “நம்ம பொண்ணு போட்டது உள்ளதான் சார், கண்ணாடிய மாத்துங்க!” என்று கத்தினேன்.

பக்கத்திலிருந்த முன்னாள் மாணவர் சிரித்தார். “நீங்க எந்த பேட்ச் மேடம்?”

மெல்ல எழுந்தேன்.

தண்ணீர் குடிக்க வந்த கேப்டன் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். “அக்கா எல்லா பேட்ச்சும்தான் சார். நாங்கதான் பாஸாகிப் போயிடுவோம்.”

யோசித்தால் கொடுப்பினைதான். அந்தக் காலேஜைவிட்டு நான் மட்டும் போகவே வேண்டாம்.