அப்பாவின் சிஸ்டர்

கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த அந்தப் பெண்ணை எல்லோரும் கிளட்ச் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நாள் முழுக்க "கிளட்ச்! கிளட்ச்சை மிதிங்க!" என்று கத்திக் கத்தி, வீட்டில் உப்பு கேட்டாலும் அதட்டுவதுபோலவே இருக்கும். அவளுக்குப் பயப்படாத ஒரே ஆள் அவளுடைய அப்பா. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரில் யாராவது சிரித்தால் அபராதம் போட்டுவிடுவார்போல முறைப்பார்.

அப்பேர்ப்பட்டவர், குடலிறக்க ஆபரேஷன் முடிந்து மயக்கம் பாதி தெளிந்தபோது, "வாலு எங்கே? வாலைக் கூப்பிடு" என்றார். முழுசாகத் தெளிந்ததும், "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று சாதித்தார்.

வாலு யார் என்று சித்தப்பாதான் சொன்னார். அப்பாவின் தங்கை. கல்யாணம் பேசி முடித்த வாரத்தில் மாப்பிள்ளையை நேரில் பார்த்து, "உங்கமேல எந்தக் குறையும் இல்லைங்க, நான் கன்னியாஸ்திரீ ஆகப்போறேன்" என்று சொல்லிவிட்டு மடத்தில் சேர்ந்தவள். அன்றோடு அப்பா அவளைப் பற்றிய பேச்சையே எடுக்கவில்லை.

"எந்த மடம் சித்தப்பா? எப்படி இருப்பாங்க?"

"அதெல்லாம் தெரியாது. ஆனா கேரம்ல எமகாதகி. காயை முழங்கையால தள்ளிட்டு அண்ணாந்து பார்ப்பா."

இந்த ஒரு அடையாளத்தை வைத்துக்கொண்டு கிளட்ச் அக்கா எல் போர்டு வண்டியில் கிளம்பினாள். முதல் மடத்தில் எந்தச் சபை என்று கேட்டார்கள், தெரியவில்லை. வெள்ளை உடுப்பா, சாம்பலா என்றார்கள், அதுவும் தெரியவில்லை. உள்ளே போனால் பெயரையே மாற்றிவிடுவார்கள் என்பது வேறு அப்போதுதான் தெரிந்தது.

"சரி, உங்களுக்கு எந்த சிஸ்டரைப் பார்க்கணும்?"

"எங்க அப்பாவோட சிஸ்டரை."

கதவு பாதி மூடியது. அடுத்த மடத்தில் கொஞ்சம் இரக்கப்பட்டு, வயதான கன்னியாஸ்திரீகள் தங்கும் இல்லத்துக்கு வழி சொன்னார்கள். அங்கே தலைவி பொறுமையாகக் கேட்டார்.

"ஆளை நீங்க பார்த்ததே இல்லையா?"

"இல்லைங்க. கேரம்ல திருட்டாட்டம் ஆடுவாங்களாம்."

தலைவி பெருமூச்சு விட்டார். "ஏம்மா, இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

கூடத்தில் நான்கு பேர் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய முழங்கை சிவப்புக் காயை ஒட்டி நகர்ந்துகொண்டிருந்தது. கண் மட்டும் மின்விசிறியில் பக்தியோடு பதிந்திருந்தது.

"முழங்கையை எடுங்க அத்தை!" கிளட்ச் அக்காவின் குரலுக்கு மற்ற மூவரும் கை தட்டினார்கள்.

அத்தை திரும்பி ஏற இறங்கப் பார்த்தார். "மூக்கு எங்க அண்ணன் மூக்கு. குரல்தான் போலீஸ் குரல். அவர் அனுப்பிச்சாரா?"

"இல்லை. மயக்கத்துல உங்களைக் கூப்பிட்டாரு."

அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வெகுநேரம் துடைத்தார். "தெளிஞ்சதும் இல்லைன்னு சாதிச்சிருப்பாரே?"

"ஆமா."

"சரி, வண்டியை எடு."

வீட்டு வாசலில் தங்கை இறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்த அப்பா, விறுவிறுவென்று குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். அத்தை அலட்டிக்கொள்ளவில்லை. பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துக் கதவோரம் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணா, உள்ள தண்ணி வருதா?"

உள்ளே குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "வருது."

"நான் போனேன்னு இன்னும் கோபமா?"

"போனதுக்கு இல்லை. மாப்பிள்ளைகிட்ட போய்ச் சொன்ன. என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

அத்தை கதவை ஒட்டி ஸ்டூலை இன்னும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். "சொன்னா நீங்க அழுதிருப்பீங்க. அழுதிருந்தா நான் போயிருக்க மாட்டேன்."

உள்ளே வாளி நிரம்பி வழியும் சத்தம் கேட்டது. யாரும் குழாயை மூடச் சொல்லவில்லை. தாழ் விலகியபோது சட்டையெல்லாம் சொட்டச் சொட்ட அப்பா நின்றார். கண் சிவந்திருந்தது.

"கண்ணுல சோப்பு போயிடுச்சு" என்றார். உள்ளே சோப்பு தீர்ந்துபோயிருந்ததைக் கிளட்ச் அக்கா சொல்லவில்லை.

இப்போதெல்லாம் அத்தை வரும் நாளில் அப்பா காலையிலேயே முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறார். என்ன விசேஷம் என்று கேட்டால், டாக்டர் நடக்கச் சொன்னார் என்கிறார்.